முன்னறை நிலம் இறங்கிய கதை

அந்தக் கதிரை திரும்பியதை நான் கண்ணால் கண்டேன்.

பகல் பதினொரு மணி இருக்கும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. குசினியில் பருப்பை அவிய வைத்துவிட்டு முன்னறைக் கதவடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அறை நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தது. அதில் யாரும் இல்லை. காலையிலிருந்தே கரண்ட் இல்லாததால் மின்விசிறியும் ஓடவில்லை. வீட்டில் என்னைத் தவிர ஒரு குருவியும் இல்லை.

நிலத்துக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கதிரையின் ஒரு கால் சற்றுக் கீழே போனது. பிறகு கதிரை அவசரமில்லாமல், மெல்ல மெல்லத் திரும்பி, மூலையைப் பார்த்தபடி நின்றது.

அதில் இருந்த யாரையோ பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட, அவர் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. பருப்பு அடிப்பிடித்து மணம் வந்த பிறகுதான் கால் அசைந்தது.

கிளிநொச்சியில் நாங்கள் கட்டிய புது வீட்டுக்குக் குடிபுகுந்து அப்போது நாலு மாதம்.

இந்தத் தொடரில் இதுவரை என் வாயால் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகளை எழுதியிருக்கிறேன். படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னீர்கள். இந்தக் கிழமைக் கதை அப்படிப்பட்டதல்ல. இது என் வாயால் இன்னொரு மனிதர் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. அவர் ஒரு மேசன். இருபது வருடத்துக்கு மேலாக வீடு வீடாகக் கட்டிச் சேர்த்த நல்ல பெயரை நான் ஒரு காலையில், ஒரு கடை வாசலில் நின்று இல்லாமல் செய்தேன். அந்தப் பெயர் இன்னும் அவரிடம் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமைக் காரணங்கள்

தகரக் கொட்டிலில் சில வருடம், பாதி எழும்பி நின்ற வீட்டில் சில வருடம் என்று இருந்தவர்கள் நாங்கள். என் முன்பள்ளி டீச்சர் வேலையில் கிடைத்ததையும் இவருடைய வயல் தந்ததையும் சேர்த்து, கடைசியில் எங்கள் மனதுக்குப் பிடித்த மாதிரி ஒரு வீடு கட்டுவது என்று முடிவெடுத்தோம். ('இவர்' என்றால் என் கணவர். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.) பிளானை நானே கொப்பியில் கீறினேன். முன்னறை பெரிதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஜன்னல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

மேசனை வவுனியா நெளுக்குளத்தில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்தான் சொல்லிவிட்டார். எங்களைப் போலவே, மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. மெலிந்த ஆள், கதை குறைவு. எல்லாரையும் போல நாங்களும் அவரை 'மேசன் அண்ணை' என்றே கூப்பிட்டோம். திங்கள் காலை மோட்டார் சைக்கிளில் வந்து, காணியிலேயே தங்கி வேலை செய்து, வெள்ளி பின்னேரம் வவுனியாப் பக்கம் திரும்புவார். எட்டு மாதத்தில் வீடு முடியும் என்றார்.

முடிய இரண்டு வருடம் எடுத்தது.

முதல் இரண்டு கிழமையும் வேலை பறந்தது. முன்னறைப் பக்கம் அத்திவாரம் வெட்டியபின் ஒரு திங்கள் அவர் வரவில்லை. கேட்டால் காய்ச்சல் என்றார். அடுத்த திங்கள் மோட்டார் சைக்கிள் டயர். அதற்கடுத்தது மச்சானின் கலியாணம். ஒரே மச்சானுக்கு மூன்று தரம் கலியாணம் நடந்ததாக நான் கணக்கு வைத்திருந்தேன்.

"நாளைக்குக் கட்டாயம் வாறன் டீச்சர்."

"எந்த நாளைக்கு?"

"நாளைக்கு" என்பார், மறுபடியும்.

வந்தாலும், வீட்டின் மற்றப் பக்கமெல்லாம் வேலை நடக்கும். முன்னறை மட்டும் நடக்காது. குசினிக்குப் பூச்சு முடிந்தது. படுக்கையறைக்கு நிலம் முடிந்தது. முன்னறை நிலம் ஒரு வருடமாக வெறும் மண்ணாகக் கிடந்தது. அதற்கு முன்பே, அந்த அறையின் மூலையில் அத்திவாரம் வெட்டிய அன்று வேலையை நிறுத்தியவர், மூன்று நாள் கழித்து வந்து, இன்னும் கம்பி வேண்டும் என்று நின்றார். "ஒரு மூலைக்கு எதுக்கு இவ்வளவு கம்பி? பாலமே கட்டப் போறியள்?" என்று நான் பாய்ந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "போட்டாத்தான் சுவர் நிக்கும் டீச்சர்" என்றார்.

இன்னொன்றும் கண்டேன். முன்னறைக்குள் போகும்போது அவர் செருப்பைக் கழற்றி வாசலில் வைப்பார். கூரையில்லாத, கதவில்லாத, சீமெந்துத் தூளும் ஆணியும் சிதறிக் கிடக்கும் அறை. அதற்குள் வெறுங்காலோடு போவார். மத்தியானச் சாப்பாட்டை எவ்வளவு வெயிலானாலும் வெளியே மரத்தடியில்தான் வைத்துச் சாப்பிடுவார். ஒருநாள் போத்தலிலிருந்து கொஞ்சத் தண்ணீரை அந்த மூலையில் ஊற்றிவிட்டுப் பேசாமல் நின்றதைப் பார்த்தேன். பார்த்தது தெரிந்ததும் போத்தலை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் பாவனை காட்டினார். வேலைக் கள்ளனுக்கு நடிப்பு வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்ணூறு படாமல் இருக்க வீட்டு முகப்பில் ஒரு வெருளி கட்டியிருந்தோம். இவருடைய பழைய சேட்டும் காற்சட்டையும் போட்டு, தலைக்குச் சட்டி கவிழ்த்த வெருளி. வேலை இழுபட இழுபட அதுவும் வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளிறிப்போனது. ஒழுங்கையால் போகிறவர்கள் இவர்தான் நிற்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். காற்றடித்தால் அது கையை மெல்ல உயர்த்தும். ஆளில்லாத வீட்டு வாசலில் அது அப்படி நின்றதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

விளக்கடி

இந்த இடத்தில் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய அம்மா.

எனக்கும் மாமிக்கும் ஒத்துப் போனதே இல்லை. உப்பில் தொடங்கி விறகில் முடியும் சண்டை, அடுத்த நாள் விறகில் தொடங்கி உப்பில் முடியும். இளவயதில் மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்த கை அவருடையது. அந்தக் கை எதையும் மெதுவாகச் செய்யாது. நானும் லேசுப்பட்டவள் இல்லை.

நாட்டில் யுத்தம் நடந்த காலத்தில் இதே காணியில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. பக்கத்தில் இவர் பங்கர் வெட்டினார். வன்னியில் அப்போது பங்கர் இல்லாத வீடு இல்லை. முதலில் நேராக ஒரு குழி. பிறகு ஷெல் சிதறல் உள்ளே வராமல் இருக்க வலப்பக்கம் ஒரு மடிப்பு. மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை. கடைசியாக நாங்கள் அதற்குள் இருந்தபோது நாலு நாள் வெளியே தலை காட்ட முடியவில்லை. மாமிக்கு முட்டு வருத்தம். அந்தத் தூசியும் புழுக்கமும் அவருக்குச் சரிவரவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் எப்படியோ கொஞ்சம் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

"என்னா புள்ள, சீனி இல்லாமயா குடுக்கிற?" என்றார்.

"இருந்தாப் போடமாட்டனோ?" என்று எரிந்து விழுந்தேன்.

அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது. விடியும்போது மாமிக்கு மூச்சில்லை.

ஊரே வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போக வழியில்லை. மாமியைப் பாயில் சுற்றி, பங்கரின் மடிப்புப் பக்கம் கிடத்தி, குற்றிகளை இழுத்து விழுத்தி, மண்மூட்டைகளை அறுத்துக் கொட்டினோம். அரை மணித்தியாலம் எடுத்திருக்கும். இவர் அழவில்லை. மண்வெட்டியைக் கீழே வைக்காமல் அதையும் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அகதி முகாமெல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது காணி காணியாக இல்லை. வெடிபொருள் அகற்ற மெஷின் விட்டு எல்லாவற்றையும் மட்டப்படுத்தியிருந்தார்கள். வீடு இல்லை, கிணறு தூர்ந்துபோயிருந்தது. ஒழுங்கையைக் கூட வேறு பக்கத்தால் வெட்டியிருந்தார்கள். முன்பு காணியில் இரண்டு வேப்பமரம் நின்றது. இப்போது ஒரே ஒரு அடிக்குற்றிதான் மிஞ்சியிருந்தது. இவர் அந்தக் குற்றியிலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டு போய், ஓரிடத்தில் நின்று, "இஞ்சதான்" என்றார்.

அந்த இடத்தில் ஒரு கல் வைத்தோம். சுற்றிச் செவ்வரத்தைச் செடி நட்டோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் விளக்கு வைத்தேன். ஊராருக்கு அது ஏதோ வைரவர் கல். மாமி அங்கே இருப்பதை நாங்கள் எந்த அரசாங்கக் கந்தோரிலும் சொல்லவில்லை.

ஆனால் மேசன் அண்ணைக்குச் சொன்னோம். இங்கே எந்த மேசனும் அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும் முன் மூன்று விஷயம் கேட்பார்: பழைய கிணறு எங்கே, பழைய மலசலகூடக் குழி எங்கே, பங்கர் எங்கே. பொய் சொன்னால் வீடு சரியும். அதனால் யாரும் பொய் சொல்வதில்லை. நான் செவ்வரத்தையைக் காட்டினேன்.

"விளக்கு வைச்சிருக்கு" என்றார் அவர்.

"மாமி உள்ளுக்க இருக்கிறா. அதுக்குக் கிட்டவும் போகாதேங்கோ. ஆருக்கும் சொல்லவும் வேண்டாம்."

"ஓம் டீச்சர்" என்றார். அந்தப் பக்கமே வராமல், தள்ளித்தான் முளை அடித்தார்.

சோக்கால் கீறிய கோடு

கதிரை திரும்பிய நாளுக்குப் பிறகு முன்னறை ஓயவில்லை. மத்தியானம் வீடு அடங்கியிருக்கும் நேரம் பார்த்து 'டொக்' என்று கேட்கும். போய்ப் பார்த்தால் நிலத்தில் பதித்த மாபிள் கல் ஒன்று ஒரு விரல் கீழே இருக்கும். இரண்டு நாள் சும்மா இருக்கும். பிறகு அடுத்த மாபிள். கண்டபடி இறங்கவில்லை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஏதோ போகுமிடம் தெரிந்த மாதிரி, ஜன்னலடியிலிருந்து மூலையை நோக்கி வரிசையாக இறங்கின. நாயும் அந்த அறைக்குள் வராது. வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போய்விடும்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். இரண்டு வருடம் இழுத்தடித்துவிட்டு இப்படி ஒரு நிலத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறானே என்று பல்லைக் கடித்தேன். மேசனுக்கு அத்தாட்சியாகக் காட்ட வேண்டும் என்று முன்பள்ளியிலிருந்து நீலச் சோக் கொண்டுவந்து, இறங்கிய மாபிள்களைச் சுற்றிக் கோடு கீறினேன்.

கீறி முடித்து எழும்பியபோது இவர் வாசலில் நின்றார். வயலால் வந்த கோலம், கால் முழுக்கச் சேறு. கோட்டைப் பார்த்தார். அது ஜன்னலடியிலிருந்து நேராக வந்து, வலப்பக்கம் மடிந்து, மூலையில் முடிந்தது.

"பாத்தியளே அந்தாள் செய்த வேலையை?" என்றேன்.

இவர் உள்ளே வைத்த ஒரு காலை எடுத்து வெளியே வைத்தார். அப்படியே திரும்பிப் போய்க் கிணற்றடியில் குந்தியிருந்தார். இரவு சாப்பாடு வேண்டாம் என்றார். வேலை பிழைத்த கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

கடை வாசல்

அடுத்த நாள் காலை சந்தைப் பக்கம் போனேன். மேசன் அண்ணை அங்கே ஒருவருக்குக் கடை கட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் நின்றார், தேத்தண்ணீர் குடிக்க வந்த சனம் நின்றது. எனக்கு அது நல்லதாகப் போய்விட்டது. முன்பள்ளி டீச்சரின் வாய்க்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"இந்தாள் எனக்கு வீடு கட்டித் தரேல்லை. குழி கட்டித் தந்திருக்கிறார். வந்து பாருங்கோ எல்லாரும். இவரை நம்பி ஒரு கோழிக்கூடும் குடுக்காதேங்கோ."

அவர் சுவரோரம் கட்டியிருந்த மரச் சாரத்திலிருந்து இறங்கி வந்தார். கையில் கரண்டி, கரண்டியில் சீமெந்துக் கலவை. என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார்.

"டீச்சர், நான் வீட்டில வந்து கதைக்கிறன்."

"வீட்டில கதைக்க வீடு இருக்கோணுமே."

சனம் சிரித்தது. அவர் கரண்டியிலிருந்த கலவை காயும்வரை அப்படியே நின்றார். கடைக்காரர் அந்தக் கிழமையே வேறு ஆளைப் பிடித்தார். யார் தொடங்கினார்களோ தெரியாது, 'குழி மேசன்' என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

கையோடு வந்த மாபிள்

நிலத்தைத் திருத்த டவுனிலிருந்து ஒரு இளம் மேசன் வந்தார். இவர் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். ஏனென்றால் திருத்தலாம் என்ற கதையை எடுத்தாலே இவர் எழும்பிப் போய்விடுவார்.

அந்தத் தம்பி கரண்டி நுனியை ஒரு மாபிளின் ஓரத்தில் விட்டார். அது சட்டி மூடி மாதிரிக் கையோடு வந்தது.

"இதென்ன டீச்சர், வெறும் மணல். கீழ கொங்கிறீற்றே இல்லை."

"நான் சொன்னனே."

அவர் சுவரோரமாகக் கொஞ்சம் மண்ணைக் கிண்டினார். கிண்டிக்கொண்டு போனவர் நிறுத்திவிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"ஆனா டீச்சர், இந்தச் சுவரில ஒரு வெடிப்பும் இல்லை. நிலம் இவ்வளவு இறங்கியிருக்கு, சுவர் அப்பிடியே நிக்குது. கீழ பாலம் மாதிரிக் கொங்கிறீற் போட்டு, ரெண்டு பக்கமும் கெட்டி மண்ணில ஏத்தி வைச்சிருக்கிறார். என்னால இப்பிடிச் செய்ய ஏலாது. இதைச் செய்யத் தெரிஞ்ச ஆளுக்கு நிலம் போடத் தெரியாதோ?"

நான் சுவரைத் தடவிப் பார்த்தேன்.

"இதில முந்தி ஏதும் இருந்ததோ?" என்று கேட்டுக்கொண்டே கையை மணலுக்குள் விட்டு எதையோ இழுத்தார். உக்கிப்போன பனங்குற்றியின் நார். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலச் சோக் கோடு இன்னும் அழியாமல் கிடந்தது. அதை நான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பங்கர் குழியை நான் உள்ளே இருந்துதான் அறிவேன். எனக்கு அது இருட்டும், மண் மணமும், மாமியின் இழுப்பும்தான். மேலே நின்று கயிறு பிடித்து வெட்டியவர் இவர். இவருக்குத்தான் அதன் உருவம் தெரியும். நேராக ஒரு குழி, வலப்பக்கம் ஒரு மடிப்பு. நான் மாமியின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

எப்படி அந்த அறையை விட்டு வெளியே வந்தேன் என்று தெரியாது. வாசற்படியில் நின்றுகொண்டு, "மூடிவிடுங்கோ தம்பி. கிண்ட வேண்டாம். போங்கோ" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நாரைக் கீழே போட்டு, மாபிளை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பின்னால் போய்ச் செவ்வரத்தையடியில் நின்றேன். அந்தக் கல்லில் எத்தனை வெள்ளிக்கிழமையின் எண்ணெய் ஊறியிருந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை. இவர் எட்டு வைத்து எண்ணத் தொடங்கியது மற்ற வேம்பின் குற்றியிலிருந்து.

நெளுக்குளம்

அடுத்த நாள் இவருக்கு ஒரு பொய் சொல்லிவிட்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ். வேலை நாள், ஆனாலும் மேசன் அண்ணை வீட்டில்தான் இருந்தார். வேலை இல்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய மனைவி முகம் கொடுக்காமல் தேத்தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போனா. அவாவை நான் குறை சொல்ல முடியாது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த மூலையை வெட்டின அண்டே தெரிஞ்சிட்டுது டீச்சர். மண் பொதுபொதுவெண்டு போச்சுது. பனங்குத்தி ஒண்டின்ர முனை கண்டன். பிறகு பின்னால மலசலகூடக் குழி வெட்டேக்க, விளக்கடியில இருந்து நாலடி வராது, கொத்தின பிக்கான் இறுகின மண்ணில பட்டுத் தெறிச்சுது. அது ஒரு நாளும் ஆரும் வெட்டாத மண்."

"ஏன் சொல்லேல்லை?"

அவர் தேத்தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சொல்லத்தான் ஒவ்வொரு திங்களும் வெளிக்கிட்டனான். ஐயா காலமையில அந்த விளக்கடியில போய் இருப்பார். தாயோட கதைப்பார், டீச்சர். வயல் கதையெல்லாம் சொல்லுவார். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் முன்பள்ளியில நிப்பியள். அதைக் கேட்டுட்டு, அம்மா இதில இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? சில திங்கள் பாதி வழி, ஓமந்தைவரைக்கும் வந்திட்டுத் திரும்பிப் போனனான்."

காய்ச்சலும் டயரும் மச்சானின் கலியாணமும் அதுதான்.

"நிலத்துக்குக் கொங்கிறீற்?"

"மனம் வரேல்லை. போட்டா மூடினது மூடினதுதான். மணலில மாபிளை வைச்சா எண்டைக்கெண்டாலும் கையால கழட்டலாம். இறங்கும் எண்டு தெரியும். இறங்கினா நீங்கள் என்னைக் கூப்பிட்டுப் பேசுவியள், அப்ப உங்களுக்குத் தனியச் சொல்லலாம் எண்டு இருந்தனான்."

"நான் கூப்பிடேல்லை. கடைக்கெல்லோ வந்தனான்."

"ஓம்" என்றார். "அவ்வளவு சனத்துக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது? ஆருக்கும் சொல்ல வேண்டாமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

வெட்கத்தில் நான் அழுதேன். மனிதருக்கு முன்னால் அழுது பழக்கமில்லாதவள். கரண்டியோடு நின்ற அந்த மனிதர் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும், அவருடைய பெயரும் தப்பியிருக்கும், நானும் வாயை மூடியிருப்பேன். என் இரகசியத்தைக் காப்பாற்ற அவர் வாய் திறக்கவில்லை.

"நான் எல்லாருக்கும் சொல்லுறன், அண்ணை. அதே கடை வாசலில நிண்டு சொல்லுறன்."

"முதல்ல ஐயாவைக் கேளுங்கோ" என்றார்.

பூட்டிய அறை

இவரிடம் அன்று பின்னேரமே சொன்னேன். இவர் ஆச்சரியப்படவில்லை.

"நீர் சோக்கால கீறின அண்டே எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுகொண்டே அடுத்த நாள் என்னைச் சந்தைக்குப் போக விட்டனீங்கள்?"

"நீர் போறது தெரியாது. வந்த பிறகு தெரியும். அப்ப சொல்லியிருக்கலாம்." காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே, "சொன்னா, நான்தானே அம்மாவைத் துலைச்சனான் எண்டு வரும்" என்றார்.

பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. வெளியே தெரிந்தால் பொலிஸ் வரும், கோர்ட் வரும், கிண்டுவார்கள். அம்மாவைப் பெட்டியில் போட்டு நம்பர் ஒட்டிக் கொண்டுபோய்விடுவார்கள், திரும்பத் தருவார்களோ தெரியாது. "சொல்லாதேயும்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

மேசன் அண்ணையின் பெயர் விழுந்தது விழுந்தபடி கிடந்தது. முன்னறையைப் பூட்டினோம். விளக்கைக் கொண்டுபோய் அதற்குள் வைத்தோம். குசினிப் பக்கத்தால் வந்து போனோம். வருகிற ஆட்கள், "அந்த மேசன் கெடுத்த அறையோ?" என்று பூட்டைக் காட்டிக் கேட்பார்கள். நான் பேச்சை மாற்றுவேன். சில மத்தியானங்களில் பூட்டிய கதவுக்குப் பின்னால் 'டொக்' என்று கேட்கும். முதலில் பயந்தேன். பிறகு பயமில்லை. ஆனால் ஒவ்வொரு தரமும், கூப்பிட்டும் போகாமல் இருக்கிறோமே என்று மனம் குத்தும்.

இவர் சொன்னது

சில மாதங்களுக்கு முன் இவருடைய கண்ணைக் காட்ட வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸுக்கு நடந்து வரும் வழியில் ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வெயிலுக்காக அதன் நிழலில் ஒதுங்கினோம்.

மேலே சாரத்தில் வயதில் இளைய மேசன் ஒருவர் கல் வைத்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு ஆள் கலவை குழைத்து, வாளியில் அள்ளிச் சுமந்து ஏறிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, முதுகு முழுக்கச் சீமெந்து. அவர் நடையில்தான் எனக்குத் தெரிந்தது.

"குழியண்ணை, கெதியா" என்று மேலே நின்றவர் சத்தம் போட்டார். கோபமில்லை. அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

மேசன் அண்ணை எங்களைக் கண்டார். வாளியை இறக்கி வைக்காமலே இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இவர் இரண்டு கையையும் கூப்பினார். அவர் ஏறிப் போய்விட்டார்.

இவர் அடுத்த நாள் காலை முன்னறைப் பூட்டைத் திறந்து, வெறுங்காலோடு உள்ளே போய், அந்த மடிப்புப் பக்கம் இருந்தார். நெடுநேரம் இருந்தார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

"எழுதும். உம்மட தொடரில எழுதும். வந்து கிண்டினாக் கிண்டட்டும். அம்மாவை ஒழுங்கா எடுத்துக் காரியம் செய்வம். மேசனின்ர பேரைப் போட்டு எழுதும்."

"உங்களையும் எழுத வேண்டி வரும்."

"எழுதும்" என்றார்.

போன கிழமை கிராம அலுவலரிடம் இரண்டு பேருமாகப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டோம். யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. வருகிறவர்கள் சுத்தியல் கொண்டுவரத் தேவையில்லை. ஒவ்வொரு மாபிளும் கையோடு வரும்.

எங்கள் முன்னறை நிலம் இறங்கியது மேசனின் பிழை இல்லை. இடத்தைப் பிழையாகக் காட்டியவர்கள் நாங்கள். அது தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களும் நாங்கள்தான். அந்த வீட்டில் இன்றுவரை ஒரு சுவரும் வெடிக்கவில்லை.

அதைக் கட்டியவர் பெயர் ராமையா சிவலிங்கம். நெளுக்குளத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்.